சாஃப்ட்வேர் தெரியும், நோட்டீஸ் போடத் தெரியாது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, மூணே மாசத்துல கிராபிக் டிசைன் கத்துக்கலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நானும் அப்படி ஒரு மூணு மாச கோர்ஸ் முடிச்சவதான், வயசு 38, டெய்லரிங் கடை வச்சிருக்கேன். படம் வரைய கோரல் டிரா, போட்டோவ மாத்த போட்டோஷாப்னு ரெண்டு சாஃப்ட்வேரும் சொல்லிக் குடுத்தாங்க, அதாவது எந்த பட்டன அமுக்குனா என்ன வரும்னு. சர்டிஃபிகேட்டும் வந்துச்சு.

அந்த தைரியத்துல எங்க தெரு அம்மன் கோவில் கொடைக்கு நோட்டீஸ் நானே போடுறேன்னு வாய விட்டுட்டேன். என்கிட்ட இருக்குற பழைய போட்டோஷாப்ல "கொடை விழா"ன்னு அடிச்சா கொம்பு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்குது, ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்து பாத்தா ப்ரிஃபரன்ஸ்ல டைப்ங்குற இடத்துல வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு மாத்திட்டு புது ஃபைல் திறக்கணுமாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டுல நடத்துற கோர்ஸ்ல இத ஒரு நாள் கூட சொல்லல.

மறுநாள் சிவகாசிக்கு பஸ் ஏறுனேன். பிரஸ் அண்ணாச்சி ஃபைல திறந்ததும் சிரிச்சிட்டாரு. "ஏம்மா, இது ஆர்ஜிபில, அதான் ஸ்கிரீனுக்கான கலர் முறைல இருக்கு, நீ ஸ்கிரீன்ல பாக்குறது வெளிச்சம், நான் அடிக்கிறது மை, உன் பளிச் நீலம் எனக்கு ஊதாவா மங்கித்தான் வரும், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாத்து"ன்னாரு. பார்டர ஓரத்தோட ஒட்டி நிறுத்திருந்தேன், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளிய விடலன்னா வெட்டும்போது வெள்ளக் கோடு விழுமாம் (துணில தையலுக்கு விடுறோம்ல, அதேதான், எனக்கு தோணியிருக்கணும்). ஏ5 சைஸ் நோட்டீஸ் முழுசுக்கும் படம் போடணும்னா 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி கணக்குல, 1748க்கு 2480 பிக்சல் வேணும், நான் வச்சிருந்தது வாட்ஸ்அப்ல வந்த அம்மன் படம், சுருங்கிப்போய் கட்டம் கட்டமா தெரியுது. பின்பக்கம் நன்கொடையாளர் லிஸ்ட் கோரல்ல பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட் அவங்க கம்ப்யூட்டர்ல இல்ல, தர்மகர்த்தா பேர்ல இருந்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கிடக்கு. கன்ட்ரோல் க்யூ போட்டு கர்வ் ஆக்கிட்டு, அதாவது எழுத்த வரைஞ்ச படமா மாத்திட்டு வரணுமாம்.

எல்லாம் முடிச்சு கடைசியா ஒண்ணு கேட்டாரு பாருங்க. "இதுல முதல்ல எதம்மா படிக்கணும்?" எனக்கு பதில் இல்ல சார். நாலு ஃபான்ட், ஆறு கலர், எல்லா வரியும் தடிமனா, எல்லாரும் ஒரே நேரத்துல மைக்க புடிச்ச மாதிரி இருக்கு, தேதி மட்டும் கீழ மூலைல ஒளிஞ்சு கிடக்கு.

அன்னைக்கு ராத்திரியே உங்க பேப்பர விரிச்சு ஸ்கேலும் பென்சிலும் வச்சு கோடு போட்டுப் பாத்தேன். தலைப்பு எவ்வளவு பெருசு, துணைத்தலைப்பு அதுல எத்தன பங்கு, ஒரு பத்திக்கும் பக்கத்துப் பத்திக்கும் நடுவுல இடைவெளி ஒரே அளவா இருக்கே, படத்தோட ஓரம் எழுத்து ஓரத்தோட நேரா வந்து நிக்குதே, இப்படி. தமிழுக்கு வரிக்கு வரி கொஞ்சம் தாராளமாவே இடம் விடணும், இல்லன்னா மேல்வரி 'கு'வோட சுழி கீழ்வரி 'கி'யோட கொக்கில முட்டுதுன்னு அப்பதான் கண்ணுல பட்டுச்சு. ரெண்டே ஃபான்ட்ல திரும்ப போட்டேன், கேட்டமரனும் பாலூ தம்பியும், ரெண்டும் கூகுள்ல ஃப்ரீதான். தேதிய மேல தூக்கி வச்சேன்.

அதனால ஒரு வேண்டுகோள், கோர்ஸ் பத்தி எழுதுறத விட, உங்க ஆபீஸ்ல லேஅவுட் போடுறவங்கள வாரம் ஒரு கால் பக்கம் எழுதச் சொல்லுங்க, இந்தப் பக்கத்த ஏன் இப்படி அடுக்குனோம்னு. என்ன மாதிரி புதுசா பழகுறவங்க வெட்டி வச்சுக்குவோம்.

அப்படியே அவங்ககிட்ட இதையும் கேட்டுருங்க, போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மஞ்சப் பட்டை மேல வெள்ளை எழுத்து போட்டது யாரு? எங்கப்பா கண்ணாடி போட்டும் படிக்க முடியல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவில்பட்டி