சூடான் எங்களுக்கு எதற்கு? மச்சானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மச்சான்,

மட்டக்களப்பு கல்லடியில் நின்று கதைத்தபோது நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், நீயும் சூடாக இருந்தாய். "வேளாண்மைக்கு யூரியா எங்கே எடுக்கிறதென்று தெரியாமல் அலையிறன், இதுக்குள்ள சூடான் எனக்கு எதுக்கு?" என்றாய். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபிக்காதே.

யூரியாவையே முதலில் எடுப்போம். 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தியது கொழும்பு. அதற்கு உலகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நவம்பரில் தடையை எடுத்த பிறகும் படுவான்கரை வயல் வட்டைகளுக்கு உரம் ஒழுங்காக வரவில்லையே, ஏன்? யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை வைத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த வருஷக் கடைசியில் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது. சீனா தன் உர ஏற்றுமதியை இறுக்கியது. 2022 பெப்ரவரியில், உலகத்துக்கு உரம் விற்கிற பெரிய நாடுகளில் ஒன்றான ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தது. எங்கள் நாட்டிடம் அப்போது டொலரும் இல்லை. நீ மூடைக்கு அலைந்த நாட்களில் இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நீ கடைக்காரனைத்தான் திட்டினாய். அவனில் பிழையே இல்லை என்று சொல்லவரவில்லை, பதுக்கினவர்களும் இருந்தார்கள்.

ஆனால் இந்த நியாயம் எனக்குப் போதாது. சூடானில் நடக்கிறது உன் வயலுக்கு வராது. வராவிட்டால் பார்க்கத் தேவையில்லையா?

1990 ஐ யோசி. ஒகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் போனது. அடுத்த நாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டான் கிராமத்தில், குழந்தைகளோடு சேர்த்து 180 பேருக்கு மேல். யார் செய்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லித்தரத் தேவையில்லை. உலகத்தின் கண் முழுக்கக் குவைத்தில் இருந்தது. எண்ணெய் அங்கேதானே. எங்கள் பெயர் வந்திருந்தாலும் ஒரு வரியாக வந்து போயிருக்கும். பக்கத்து ஊரில் நடந்ததையே நாங்கள் இரவில் சத்தத்தைக் குறைத்துவைத்து, பிபிசி தமிழோசையில் கேட்டுத்தான் உறுதிப்படுத்தினோம். மட்டக்களப்புச் செய்தி லண்டன் போய்த்தான் மட்டக்களப்புக்கு வந்தது. "எங்களை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல்லையே" என்று மாமா புலம்பியது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

சரி, இப்போது சூடான். 2023 ஏப்ரல் 15 இல் நாட்டின் இராணுவத்துக்கும் ஒரு துணைப்படைக்கும் சண்டை தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சனம் வீட்டை விட்டு ஓடியது. எல் பாஷர் என்ற நகரம் ஒன்றரை வருஷம் முற்றுகைக்குள் கிடந்து, 2025 ஒக்டோபரில் விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கால்நடைத் தீவனத்தைச் சாப்பிட்டார்கள். வெளியே போன் எடுத்துக் கதைப்பதும் பெரும்பாடு. உலகத்தின் கண் காஸாவிலும் உக்ரேனிலும் இருந்தது. அங்கே இருக்கவேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எல் பாஷரில் ஒரு மாமா என்ன புலம்பியிருப்பார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

நீ வாசித்தால் அங்கே ஒரு குண்டு குறையுமா என்று கேட்பாய். குறையாது. ஆனால் 2004 சுனாமியையும் பார். அம்பாறைக் கரையில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். படங்கள் உலகமெல்லாம் போயின, எங்கள் ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களும் காசு அனுப்பினார்கள். (அந்தக் காசில் கட்டின சில வீடுகளுக்குள் மழைக்கு இருக்க ஏலாது, அது வேறு கதை.) உலகம் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று இந்தக் கரை இரண்டையும் பட்டிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் பார் என்று சொல்லவில்லை. நானே பார்ப்பதில்லை. அமெரிக்காவில் இன்றைக்கு யார் யாரைத் திட்டினார்கள் என்பது எனக்கும் வேண்டாம். இரண்டு மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டு, சத்தம் அடங்கின பிறகும் விடாமல் தொடர்கிறேன். அப்புறம், படுக்கையில் கிடந்து போனைத் தள்ளித் தள்ளிப் பிணங்களைப் பார்க்கிறதற்குப் பெயர் செய்தி அறிவதில்லை என்று நீ சொன்னாயே, அதில் நான் உன் பக்கம். மகளுக்கு அந்த வீடியோக்களைக் காட்டாதே. கேட்டாளென்றால் அட்லஸைத் திறந்து, சூடான் எங்கே இருக்கிறது, நைல் எந்த வழியாக ஓடுகிறது என்று மட்டும் காட்டு. மிச்சத்தை அவளே கேட்பாள்.

அன்புடன்,
உன் மச்சான்