கோகோ மரத்தில் விழுந்த கோடரி

ஆசிரியருக்கு,

வணக்கம். காலனி நாடுகள் விடுதலை கேட்டு எழுந்ததைப் பற்றிய தங்கள் கட்டுரையில் கானாவுக்கு ஒரே ஒரு பத்தி. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய தலைவர்கள் கேட்டார்கள், போரில் களைத்த பிரிட்டன் கொடுத்தது, 1957 மார்ச் 6 அன்று கொடி மாறியது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். தேதி சரிதான். ஆனால் கோகோ என்ற சொல்லே வராமல் கானாவின் விடுதலையை எழுதுவது, உப்பை விட்டுவிட்டுத் தண்டி யாத்திரையை எழுதுவதுபோல.

கோல்ட் கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட அந்தக் காலனி, 1911 முதல் உலகிலேயே அதிகக் கோகோ விளைந்த நாடு. விளைவித்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அல்லர், உள்ளூர் விவசாயிகள். மரம் அவர்களுடையது, விலை சொல்வது வேறொருவர். 1937இல் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி, காட்பரி உள்ளிட்ட ஏற்றுமதி நிறுவனங்கள், குறித்த விலைக்கு மேல் யாரும் கொடுப்பதில்லை, கொள்முதலையும் பழைய கணக்குப்படி பங்கிட்டுக்கொள்வது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டன. விவசாயிகள் விற்க மறுத்தார்கள். ஐரோப்பியச் சரக்குகளையும் வாங்காமல் விட்டார்கள். ஊர்த் தலைவர்களும் கூட நின்றதால் 1938 ஏப்ரல் வரை அது தாக்குப்பிடித்தது, ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. கொள்முதலை அரசே எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்த ஏற்பாடு 1947இல் கோகோ விற்பனை வாரியமாக நிலைத்தது. விவசாயிக்குக் கொடுத்த விலைக்கும் உலக விலைக்கும் இடையிலான பணம் லண்டனில், பிரிட்டிஷ் கடன் பத்திரங்களில் சேர்ந்தது. விலை விழும் காலத்தில் கைகொடுக்கும் சேமிப்பு என்றது அரசு. வாதம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் முன்பு விலை குறைந்தால் வியாபாரியோடு சண்டை. இப்போது கவர்னரோடு சண்டை. தானே வியாபாரியாகிவிட்ட அரசுக்கு நடுவர் வேடம் எடுபடாது.

இதன்மேல் வந்து விழுந்ததுதான் கோகோ மரங்களின் தண்டு வீக்க நோய். 1936இல் கொஃபோரிடுவா பக்கம் முதலில் கண்டறியப்பட்டது. ஒரு வைரஸ், பரப்புவது மாவுப்பூச்சி. அந்தப் பூச்சியை எறும்புகள் மண்கூடு கட்டிக் காப்பதால் மருந்து தெளித்தால் எளிதில் போய்ச் சேராது. நோயைக் குணப்படுத்தும் மருந்தும் கிடையாது, மரத்தை வெட்டுவது ஒன்றே வழி. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்து மரங்களுக்குத் தொற்றியிருக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்து வெட்டவேண்டும். டாஃபோவில் இருந்த கோகோ ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சொன்னது சரியே.

விவசாயி பார்த்தது வேறு. நோய் கண்ட மரம் உடனே சாவதில்லை, இன்னும் ஓரிரு ஆண்டு காய்க்கும். காய் தொங்கும் மரத்தில் அரசாங்க ஆள் வந்து கோடரி போடுகிறான். மறுநடவு காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டாகும். தோட்டங்களில் பல அடமானத்தில் இருந்தன. பலவற்றை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பார்த்துக்கொண்டவர்கள் ‘அபுசா’ பங்காளிகள். ஒரு மரம் சாய்ந்தால் உரிமையாளர், பங்காளி, கடன் கொடுத்தவர் என்று மூன்று வீட்டில் அடுப்பு அணையும். நட்ட ஈடோ சொற்பம். 1947இல் வெட்டு கட்டாயமானதும், நம்மை ஒழிக்கத்தான் வெட்டுகிறார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. பத்து ஆண்டுகளுக்கு முன் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

அதே நேரத்தில் நகரங்களில் துணி, சாமான் விலை ஏறிக் கிடந்தது. தலைநகர் அக்ராவின் ஓசு பகுதித் தலைவர் நீ குவாபெனா போனே 1948 ஜனவரியில் இறக்குமதிச் சரக்கைப் புறக்கணிக்க அழைத்தார், நாடே கேட்டது. கம்பெனிகள் இறங்கிவந்து, மொத்த லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைக்கச் சம்மதித்தன. இங்கேதான் கணக்குப் பிசகியது. 100 ஷில்லிங் அடக்கமுள்ள சரக்கு 175க்கு விற்றது, இனி 150க்கு விற்கும். கடையில் குறைவது ஏழில் ஒரு பங்குதான். மக்களோ விலை பாதியாகும் என்று எதிர்பார்த்து பிப்ரவரி 28, சனிக்கிழமை கடைக்குப் போனார்கள்.

அதே நாளில், பர்மாவின் அரக்கான் காடுகளில் ஜப்பானியரோடு போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் மனு கொடுக்கக் கவர்னர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி அணிவகுத்தார்கள். அனுமதித்த பாதையை விட்டு விலகியதால் போலீஸ் மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் சார்ஜண்ட் அஜெட்டி, கார்ப்பரல் அட்டிபோ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே இறந்தார்கள். கடைத்தெருவில் ஏமாந்து நின்ற கூட்டத்துக்குச் செய்தி எட்டியதும் அக்ரா பற்றி எரிந்தது. கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவி அடங்குவதற்குள் 29 பேர் மாண்டனர்.

கட்டுரை கொண்டாடும் தலைவர்கள் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார்கள். வக்கீல் ஜே. பி. டன்குவா முதலியோரின் கட்சி தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் செயலாளராக குவாமே நிக்ரூமா நாடு திரும்பியது 1947 டிசம்பரில். கலவரத்தை அவர்கள் திட்டமிடவில்லை. சதி என்று நினைத்த அரசு அவர்களில் ஆறு பேரைப் பிடித்து அடைத்து, வக்கீல் வட்டாரத்துக்குள் இருந்தவர்களை நாடறிந்த தலைவர்களாக்கிவிட்டது. விசாரித்த வாட்சன் கமிஷன், காலனியின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிறக்கும்போதே பழசு என்று எழுதியது. அடுத்ததை எழுத முழுக்க ஆப்பிரிக்கர்களே அடங்கிய கூசி குழு வந்தது. நிக்ரூமாவுக்கு அதில் இடமில்லை. அவர் 1949 ஜூனில் ‘இப்போதே சுயாட்சி’ என்ற முழக்கத்தோடு தனிக்கட்சி கண்டார், மறு ஆண்டு சிறை சென்றார். 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே அக்ராவில் வென்றார். பொதுத் தேர்தலுக்கு வந்த 38 இடங்களில் 34 அவர் கட்சிக்கு. ஆளுநர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து ஆட்சியில் அமர்த்தினார்.

வந்தவர் முதல் வேலையாகக் கட்டாய வெட்டை நிறுத்தினார். நோய் அரசியல் பார்க்குமா? பரவியது. கூடுதல் நட்ட ஈட்டோடு வெட்டு மறுபடி தொடங்கியது. இம்முறை நாடு எரியவில்லை. காலனி ஆட்சி தோற்றது விஞ்ஞானத்தில் அல்ல, வெட்டச் சொல்லும் தகுதியில். கட்டுரையாளர் கவனிக்கவேண்டிய இடம் இது.

நிக்ரூமாவுக்கும் அந்தத் தகுதி நிரந்தரமாக இருக்கவில்லை. உலக விலை உச்சத்தில் இருந்த 1954இல் அவர் அரசு 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று விவசாயிக்கான விலையைக் கட்டியது. டன்னுக்கு ஏறத்தாழ 134 பவுண்டு. மிச்சம் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்றார்கள், காலனி வாரியம் சொன்ன அதே பாட்டு. இதை எதிர்த்துச் செப்டம்பரில் அஷாந்திப் பகுதியின் குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் எழுந்து, அஷாந்தி நாட்டுக்குக் கூட்டாட்சி கேட்டது. விடுதலை தேதி குறிக்குமுன் இன்னொரு தேர்தல் வேண்டும் என்று லண்டன் நிபந்தனை போட்டது இதனால்தான். 1956 ஜூலையில் நிக்ரூமாவின் கட்சி 104இல் 71 இடம் வென்ற பிறகே தேதி கிடைத்தது. கேட்டதும் கொடுத்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

இன்னொரு சிறு திருத்தம். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் கிழக்கு எல்லை தவறு. கிழக்கே ஒட்டியிருந்த பிரிட்டிஷ் டோகோலாந்து 1956 மே மாத வாக்கெடுப்பில் கோல்ட் கோஸ்ட்டோடு சேர முடிவெடுத்தது. 1957இன் கானாவில் அந்தப் பகுதியும் அடக்கம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி