ஹாரிசனோடு நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பலின் தீர்க்கரேகையை (கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதை) அறியக் கடலில் நேரம் காட்டிய கடிகாரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அத்தகைய கடிகாரத்தை முதலில் செய்துகாட்டிய ஜான் ஹாரிசனோடு முடிந்துவிட்டது. அவர் பெருமையில் குறையே இல்லை. ஆனால் அவருடைய நான்காம் கடிகாரத்தைப் பார்த்து லண்டன் கடிகாரக் கலைஞர் லார்கம் கெண்டால் செய்த பிரதி ஒன்றுக்கே 500 பவுண்டு ஆனது. அந்த விலைக்குக் கப்பல்தோறும் வாங்கி வைக்க முடியுமா? குரோனோமீட்டர் எனப்படும் இக்கடிகாரத்தை மாலுமிகளின் கைக்கு எட்டச் செய்தவர்களில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் தாமஸ் எர்ன்ஷா (1749–1829) முதன்மையானவர்.

கடிகார ஓட்டத்தைப் பல் பல்லாக விடும் எஸ்கேப் வீலைப் பிடித்து நிறுத்தும் தாழ் அதுவரை பிவட்டில் (சிறு அச்சுமுனையில்) சுழன்றது. பிவட்டுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் நாள்பட்டால் கெட்டியாகி ஓட்டம் மாறும். 1780 வாக்கில் எர்ன்ஷா அந்தத் தாழை வளைந்துகொடுக்கும் மெல்லிய ஸ்பிரிங்காகவே செய்தார். அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை. காப்புரிமைக்குப் பணம் இல்லாததால் 1783இல் அது தாமஸ் ரைட் என்ற கடிகாரக்காரர் பெயரில் பதிவானது. மற்றொரு கடிகாரக் கலைஞரான ஜான் அர்னால்டும் இதே யோசனைக்கு உரிமை கோரினார், சர்ச்சை நீண்டது.

இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளப்பது பேலன்ஸ் வீல். அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து கடிகாரம் பிந்தும். அதற்காக எர்ன்ஷா பேலன்ஸ் வீலின் எஃகு வளையத்துக்கு வெளியே பித்தளையை உருக்கிச் சேர்த்து, வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார். பித்தளை கூடுதலாக விரிய, வெட்டிய நுனிகள் உள்ளே வளையும். எடை மையத்தை நெருங்குவதால் வீல் வேகம் பிடிக்கும். இது முழு ஈடல்ல. கடும் சூட்டுக்கும் குளிருக்கும் சரிசெய்தால், நடு வெப்பநிலையில் கொஞ்சம் முந்தும்.

இக்கடிகாரத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். முள்ளைத் திருத்துவதில்லை, தினசரிப் பிசகை எழுதிவைத்துக் கணக்கில் கழிப்பார்கள். பெட்டியைச் சட்டென்று திருகினால் பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுற்றி, தாழ் இருமுறை விடுபட்டு, நேரம் முந்திவிடும். நின்றுபோனால் சாவி கொடுத்தாலும் தானாக ஓடாது. படுக்கைவாட்டில் லேசாகத் திருப்பிவிட வேண்டும்.

4 வினாடி பிசகினால் தீர்க்கரேகையில் 1 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தவறும். நம் தேங்காப்பட்டணம் கடலில் அது சுமார் 1.8 கி.மீ. தூத்தூர் படகுகளின் ஜி.பி.எஸ். கருவியும் செயற்கைக்கோளில் உள்ள அணுக்கடிகாரத்தை நம்பித்தான் இடம் சொல்கிறது. அதில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் கணக்கு 300 மீட்டர் தவறும்.

சார்லஸ் டார்வின் சென்ற, 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. அவற்றில் எர்ன்ஷாவின் 509ஆம் எண் கடிகாரம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தோடு அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறோம்.

– கடிகாரம் பழுதுபார்ப்போர், களியக்காவிளை