வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் சோதனைப் படம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வன்னியில் அரிசி ஆலைகளிலும் பால் சேகரிப்பு நிலையங்களிலும் எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளை ஓட்டும் உங்களில் பலருக்கு, ஒரு தொட்டியின் நீர்ச் சோதனை முடிவைக் காட்டும் அந்தப் படம் வந்திருக்கும். உள்ளே வரும் நீரில் பொசுபரசு லீற்றருக்கு 8 மில்லிகிராம், தொட்டிக்குள் 27. "காசையும் வாங்கி ஊத்தையையும் கூட்டித் தருகினம்" என்று கீழே ஒரு வரி. எண் சரியானதுதான். மாதிரி எடுத்த நேரத்தைத்தான் யாரும் எழுதவில்லை.

காற்று விடாமல் தொட்டி நிரம்பும் முதல் 90 நிமிடத்தில் எண் ஏறத்தான் வேண்டும். நாம் தொட்டியில் வளர்க்கும் பற்றீரியா பொசுபரசைப் பொசுபேற்றுச் சங்கிலியாக உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும். ஒட்சிசனும் நைத்திரேற்றும் இல்லாத வேளையில் அந்தச் சங்கிலியை உடைத்து, அந்தச் சக்தியில் நீரிலுள்ள அசற்றிக்கமிலம் போன்ற உணவை உள்ளிழுக்கும். உடைந்த பொசுபேற்று நீருக்குள் வரும். காற்றை ஊதும் புளோவர் ஓடத் தொடங்கியதும், விட்டதைவிடக் கூடுதலாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். 90ஆவது நிமிடத்தில் எண் ஏறவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலை. பற்றீரியாக்கள் திரண்ட சேற்றை அடியில் அடையவிட்டு நீர் தெளிந்த பிறகு வெளியேற்றுக் குழாயில் மாதிரி எடுங்கள், உடனே வடிதாளில் வடியுங்கள். வடிக்காமல் ஒரு இரவு போத்தலில் வைத்தால் ஒட்சிசன் தீர்ந்து, சேற்றிலுள்ள பொசுபேற்று மறுபடி நீருக்கு வந்துவிடும். அதையும் படம் எடுத்துப் போடலாம்!

படத்தைப் பார்த்துப் பயந்து சிலர் நிரம்பும்போதே புளோவரைப் போடுகிறீர்களாம். தயவுசெய்து வேண்டாம். அப்போது காற்றுக் கிடைத்தால் உணவு மற்றப் பற்றீரியாக்களுக்குப் போய்விடும். இழைப் பற்றீரியாக்கள் பெருகினால் சேறு பஞ்சுபோல ஊதி, அடையாமல் நிற்கும்.

பற்றீரியாத் தூள் விற்பதை நாங்கள் நிறுத்தியதும் இதனால்தான். தொட்டியின் நிலைமைக்குப் பிடிக்காத பற்றீரியாவை எத்தனை பக்கற் கொட்டினாலும் சில நாளில் கழுவுண்டு போகும். தெரிவு செய்வது நிலைமைதான். விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டுப் பதரை அள்ளுவது மாதிரி, புளோவரும் கலக்கியும் நின்று 10 நிமிடத்தில் இன்னும் மேலே நிற்கும் இலேசான சேற்றை வெளியேற்றுங்கள். பொசுபேற்று நிறைந்த பற்றீரியாக் கலங்கள் பாரமானவை, முதலில் இறங்கிவிடும். ஆனால் பற்றீரியா பிடித்த பொசுபரசு தொட்டியை விட்டுப் போகும் வழி வெளியேற்றும் சேறு மட்டுமே, ஆகவே அடியிலிருந்தும் கொஞ்சம் எடுக்கவேண்டும். நாளொன்றுக்கு மொத்தச் சேற்றில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் வெயிலில் சேற்றை எட்டு நாளுக்கு மேல் வயதாக விட்டால், அதே உணவைத் தின்றும் பொசுபரசைச் சேமிக்காத வேறொரு பற்றீரியாக் கூட்டம் முந்திவிடக்கூடும். எடுத்த சேற்றை அன்றே உலரவிடுங்கள். கிடங்கில் கிடந்து ஊறினால் எடுத்ததெல்லாம் கசிந்து திரும்பும்.

சேறு லீற்றருக்கு 3 கிராம் உள்ள தொட்டியில், கலங்கிய நீரை ஒரு லீற்றர் அளவு உருளையில் 30 நிமிடம் விட்டால் சேறு 300 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கவேண்டும். 450ஐத் தாண்டினால் எங்களைக் கூப்பிடுங்கள்.

நைதரசன் பற்றிச் சுருக்கமாக: 1 கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். மிஞ்சும் நைத்திரேற்றை வைத்து மற்றப் பற்றீரியாக்கள் அடுத்த நிரப்பலில் உணவைப் பறிக்கும் என்பதால், அது தீரும்படி, தெளியவிட முன் 30 நிமிடம் காற்றில்லாமல் கலக்கியை மட்டும் ஓட்டுங்கள். அதற்கு மேல் நீட்டினால் பொசுபேற்று வெளிவரத் தொடங்கும். அறுவடை ஓய்ந்து ஆலை நிற்கும் நாட்களில் புளோவர் நேரத்தையும் குறையுங்கள்.

படம் சுற்றியபோதும் எங்களுக்காகப் பேசிய ஆலைக்காரர் அத்தனை பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. எங்கள் தொழில்நுட்பத் தம்பி ஒருவர் வெளிநாடு போய்விட்டதால் பராமரிப்பு வருகை இனி இரு கிழமைக்கு ஒருமுறை; மாதக் கட்டணம் முன்பு போலவே. இனி மாதிரி அனுப்பும்போது, புளோவர் நின்ற நேரத்தையும் மாதிரி எடுத்த நேரத்தையும் போத்தலில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளரும் பணியாளரும்,
கிளிநொச்சி