யூவர்ஸ் தோற்றவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பள்ளி வீரர்களுக்குத் தரப்படும் உச்ச மதிப்பீடான ஐந்து நட்சத்திரத்தோடு வந்து ஏமாற்றிய வீரர்கள் என்று தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையில் க்வின் யூவர்ஸின் பெயரைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை.

பள்ளியில் ஆடும்போதே அவருக்கு உச்ச மதிப்பெண் கிடைத்தது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025இல் மயாமி டால்ஃபின்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில், 231-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. இரண்டும் உண்மை. ஆனால் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடிய மூன்று சீசன்கள் எங்கே போயின? அவர் வருவதற்கு முந்தைய 2021 சீசனில் அந்த அணிக்கு 5 வெற்றி, 7 தோல்வி. 2023இல் அதே அணி அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று வீழ்த்தியது. 2009க்குப் பிறகு முதல்முறையாக தான் ஆடிய பிக் 12 என்னும் கல்லூரி லீகின் பட்டத்தையும் வென்றது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தேசிய பிளேஆஃபில் அரையிறுதி வரை போனது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர்தான். அவரைச் சேர்த்துக்கொண்டது கல்லூரி. அந்தக் கல்லூரிக்கு அவர் என்ன செய்தார் என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

குழப்பத்துக்குக் காரணம் நட்சத்திரம் கொடுக்கும் முறையிலேயே இருக்கிறது. பள்ளி வீரர்களை மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் தளம் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருவது, என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை மனதில் வைத்துத்தான். அது அவர்களுடைய கணிப்பு. கணிப்பு பொய்த்தால் கணித்தவர்களைக் கேட்கலாம். பதினேழு வயதுப் பையன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்கஸ் லாட்டிமோரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? ஐந்து நட்சத்திர ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் வீரர். 2010இல், முதலாண்டிலேயே, சவுத் கரோலினாவுக்காக 1,197 கெஜம் ஓடி, ஓட்டத்தில் மட்டும் 17 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெறும் ஸ்கோர்) எடுத்தார். அந்த அணி எஸ்.இ.சி. என்னும் கல்லூரி லீகின் கிழக்குப் பிரிவை முதன்முதலாக வென்றது அந்த ஆண்டில்தான். 2011இல் ஒரு முழங்காலில் காயம், 2012இல் மறு முழங்காலில். ஒரு என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் ஓய்வு பெற்றார். அவரைத் தோற்றவர் என்று எழுத யாருக்கு மனம் வரும்?

மூன்று நட்சத்திர பேட்ரிக் மஹோம்ஸ் பின்னாளில் என்.எஃப்.எல்.லில் உச்சத்துக்குப் போனதை வைத்து நட்சத்திரமே வெற்றுப் பேச்சு என்று கட்டுரையாளர் முடிப்பதும் சரியில்லை. மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் முதல் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு ஐந்து நட்சத்திரக்காரருக்கே மிக அதிகம்.

யூவர்ஸுக்குப் பின் டெக்சாஸின் குவார்ட்டர்பேக்கான ஐந்து நட்சத்திர ஆர்ச் மேனிங்குக்கும் இதே கதிதான். 2025 சீசனின் முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் டெக்சாஸ் 14-7 என்று தோற்ற அன்றே அவர் கதை முடிந்தது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இனி இப்படிப் பட்டியல் போட்டால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வருமுன் அணி இருந்த நிலையையும், காயத்தால் அவர் இழந்த ஆட்டங்களையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்