பயிர்க்கழிவு எரிபொருளில் நைட்ரஜன் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்க்கழிவை எரிபொருளாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனே எரியும்போது காற்றுக்குத் திரும்புகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆனால் அதே செடி வேர்வழியாக எடுத்த நைட்ரஜனைப் புரதமாக்கித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்திருக்கிறது. சூடுபடுத்தும்போது அது எங்கே போகிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை.

பயிர்க்கழிவு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உமியில் நைட்ரஜன் ஏறக்குறைய அரை சதவீதம்தான். கடலைத்தோலில் அது ஒரு சதவீதத்தை ஒட்டி வரும். இலையோடு காய்ந்த கடலைக்கொடியிலும் உளுந்துச் செடியிலும் அதைவிடக் கூடுதல். பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுவது என் வழக்கம். காய்ந்த உளுந்து இலையைப் பொடித்து, சோடா சுண்ணாம்போடு கலந்து, சோதனைக்குழாயில் சூடாக்கி, குழாயின் வாயில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால் தாள் நீலமாகும். அம்மோனியா நெடி கடைசி பெஞ்சு வரை போகும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால், கூடவே ஆவியாகி வரும் அசிட்டிக் அமிலம் அம்மோனியாவை மறைத்துவிடும். மாணவனும் ஏமாந்து நைட்ரஜனே இல்லை என்று எழுதிவிடுவான்.

உலைக்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது. 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை காற்றில்லாமல் வறுத்தெடுக்கும்போது நீரும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகின்றன. நைட்ரஜனில் பெரும்பகுதி வெளியேறாமல் தங்குவதால், வறுத்த பொருளில் அதன் சதவீதம் சற்றுக் கூடவும் செய்யும். வெப்பம் மேலும் ஏறும்போது புரதம் சிதைந்து ஒரு பங்கு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும், ஒரு பங்கு தாரிலும் போக, எஞ்சியது கரியின் கார்பன் வளையங்களுக்குள் இறுகிவிடுகிறது. வெளியேறிய வாயுக்கள் தாராளமான ஆக்சிஜனைச் சந்தித்தால், காற்றை மாசுபடுத்தும் நைட்ரிக் ஆக்சைடு ஆகின்றன. ஆக்சிஜன் குறைந்த, ஆனால் வெப்பம் மிகுந்த இடத்தில் சற்று நேரம் தங்க நேர்ந்தால், அவற்றில் பெரும்பகுதி தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக மாறிவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து ஆக்சைடாவதற்குச் சுமார் 1,300 டிகிரிக்கு மேல் வேண்டும். பயிர்க்கழிவு பாய்லர்கள் பெரும்பாலும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. ஆகவே புகைபோக்கியில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் எரிபொருளுக்குள்ளிருந்து வந்தவையே.

காற்றைக் கூட்டினால் சுத்தமாக எரியும் என்று உலைக்குள் காற்றை ஊதும் எஃப்.டி. ஃபேனை முழுவதும் திறந்துவிடும் பழக்கம் இங்கேதான் தவறாகிறது. கரும்புகை குறையலாம், கண்ணுக்குத் தெரியாத நைட்ரிக் ஆக்சைடோ கூடும். அடிக்காற்றை அளவோடு விட்டு, மீதியை மேலே இரண்டாம் கட்டமாகச் செலுத்துவது பழைய, நிரூபிக்கப்பட்ட வழி.

நான் பயிர்க்கழிவு எரிபொருளுக்கு எதிரியல்லன். நிலக்கரியில் நைட்ரஜன் பொதுவாக ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருக்கிறது. உமியில் அது குறைவு, கந்தகமும் குறைவு. அனல்மின் நிலையங்களில் பயிர்க்கழிவை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட்டுகளை 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில் வகுத்த கொள்கையும் வரவேற்கத்தக்கதே.

ஆனால் சாம்பலை வயலுக்குத் திருப்பிக் கொடுத்தால் மண்ணின் கடன் தீர்ந்துவிடும் என்ற கட்டுரையாளரின் வரியை ஏற்க முடியவில்லை. சாம்பலில் சாம்பல்சத்தான பொட்டாசியம் இருக்கும், தழைச்சத்தான நைட்ரஜன் இருக்காது. ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் 5.5 கிலோ நைட்ரஜன் போய்விடுகிறது; அது 12 கிலோ யூரியாவுக்குச் சமம். கரியாக்கி மண்ணில் இட்டாலும், வளையங்களுக்குள் இறுகிய நைட்ரஜன் பயிருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

பயிர்க்கழிவை அழுத்திச் செய்த எரிகட்டியான பிரிக்கெட்டை வாங்குவோர் கலோரி மதிப்பு, ஈரம், சாம்பல் ஆகிய மூன்றையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். அந்தப் பரிசோதனைச் சீட்டில் நைட்ரஜன் சதவீதத்தையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வாங்குவோரும் வற்புறுத்த வேண்டும். கார்பனை அளக்கும் ஆய்வகக் கருவியே பெரும்பாலும் நைட்ரஜனையும் சேர்த்து அளந்து தந்துவிடும். அந்த வரி வந்துவிட்டால், இலை கலந்த கொடியை அரைத்து எடை கூட்டும் வழக்கம் தானே குறையும். மாட்டுக்குப் போக வேண்டிய கடலைக்கொடி மாட்டுக்கே போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விழுப்புரம்.