வாழை மரத்துண்டு

டவாவோ, பிலிப்பைன்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமநாதா,

இங்கே அனைவரும் நலம்; உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உன் அப்பா மறைந்து நான்கு மாதமாகியும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசியதைக் கணக்கில் சேர்க்க எனக்கே மனம் வரவில்லை. என்னைத் திட்டுவதற்கு உனக்கு உரிமை உண்டு. இக்கடிதத்தை முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

சென்ற வாரம் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் காலமானார். பானாய் தீவில் பிறந்து, இளமையிலேயே இங்கே குடியேறியவர். கண்ணாடி பதித்த பெட்டியில் உடலைக் கூடத்தில் வைத்து, அடக்கம் செய்யும்வரை ஐந்து நாளும் விளக்கை அணைக்காமல், யாராவது ஒருவர் அருகில் விழித்தே இருந்தார்கள். இதற்கு லாமாய் என்று பெயர். இரவெல்லாம் சீட்டாட்டம் நடக்கிறது. வென்ற பணத்தில் ஒரு பங்கைத் துக்க வீட்டாருக்கு ஒதுக்குகிறார்கள். சாவு வீட்டில் சீட்டா என்று முதல் இரவு எனக்கு மனம் கசந்தது. மூன்றாம் இரவு, என் முகக்குறிப்பைக் கண்டுகொண்ட அவருடைய தங்கை, எண்பதைக் கடந்த பாட்டி, அருகில் அழைத்துக் காரணம் சொன்னார்: "எல்லாரும் உறங்கிவிட்டால் அஸ்வாங் என்ற பிணந்தின்னிப் பேய் வந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு, பெட்டியில் ஒரு வாழை மரத்துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். நம் கண்ணுக்கு அது அண்ணனாகவே தெரியும். நாமும் அழுதுகொண்டே அந்த மரத்தைப் புதைத்துவிட்டு வருவோம்."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

பிணந்தின்னிப் பேய் என்றதும் நம் தமிழையா பரணி நடத்திய நாள் உனக்கு நினைவுக்கு வரும். அன்றிரவு என் பாயில் இடம் கேட்டு வந்ததும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன். பரணிப் பேய்கள் போர்க்களத்தில் கூட்டமாகக் கூழ் அட்டு உண்பவை. இங்குள்ளவை, காவல் இல்லாத ஒற்றைப் பிணத்தைத் தேடி வீடு வரை வருபவை. அதனால்தான் இவை என்னை இவ்வளவு கலக்குகின்றன போலும்.

இங்குள்ள 'அப்போ' என்ற மலையின் சரிவுகளில் வாழும் பகோபோ மக்கள் இத்தகைய பேயைப் பூசோ என்கிறார்கள். அவர்களிடையே தங்கியிருந்த லாரா வாட்சன் பெனடிக்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1916-இல் வெளியிட்ட ஆய்வை மூன்று இரவுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பூசோக்களில் மிகக் கொடியதான திக்பனுவாவுக்கு நெற்றியில் ஒற்றைக் கண். வாயிலிருந்து சொட்டும் குருதியில் ஒரு துளியும் வீணாகாதபடி, அதன் மோவாய் இரண்டு சாண் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்குமாம். ஆனால் அந்த உருவத்தைவிட, அவர்கள் உயிரைப் பற்றிச் சொல்வதுதான் என்னை உலுக்கியது. ஒவ்வொரு மனிதனுக்கும் இரண்டு உயிர்கள். இறந்தபின் வலப்பக்கத்து உயிர் கீழுலகம் சென்று அங்கே வாழ்கிறது. இடப்பக்கத்து உயிரோ பூசோவாகிப் புதைகுழிகளைத் தோண்டித் திரிகிறது. நேற்றுவரை நம்மோடு உண்டு உறங்கியவரின் ஒரு பாதியே நாளை இன்னொருவர் உடலைத் தேடி வரும் என்று எண்ணிய மக்கள் எப்படித்தான் மனம் தாங்கினார்களோ!

அவர்களுடைய கதை ஒன்றில், தனித்திருக்கும் பெண்ணைத் தின்ன வந்த பூசோவிடம் அவளுடைய பூனை, "முதலில் என் வாலில் உள்ள மயிர்களை எண்ணி முடி" என்கிறது. பூசோ எண்ணி முடிக்கப்போகும் ஒவ்வொரு முறையும் பூனை வாலை ஆட்டிவிடுகிறது; கணக்குத் தவறுகிறது; மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது; அதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. சீட்டாட்டத்தின் பொருள் எனக்கு இக்கதையில்தான் விளங்கியது. எப்படியாவது விடியும்வரை கடத்த வேண்டும். நான்காம் இரவு நானே ஆட்டத்தில் உட்கார்ந்தேன், தோற்றேன், அதிகாலை மூன்று மணிக்குப் பாட்டி இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ராமநாதா, உன் அப்பாவுக்காக நான் ஓர் இரவுகூட விழித்திருக்கவில்லை. கல்லூரி நாட்களில் எனக்கு டைபாய்டு கண்டபோது மூன்று இரவுகள் என் கட்டிலருகே நாற்காலியிலேயே இருந்தவர் அவர். அவர் மறைந்த இரவு கூடத்தில் அவரோடு யார் யார் இருந்தார்கள், கிட்டு வந்தானா, விளக்கைப் பார்த்துக்கொண்டது யார், விடியும்வரை என்ன பேசினீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது.

உன்,
சேது